ரப்பர் வளையத்துக்கு ஒரு லாரி

பட்டறை முற்றத்தின் நடுவே நின்ற மரப்பெட்டிக்குள் ஒரு சிறு குடும்பம் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். வாசல் மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் வைக்கோலையும் தெர்மோகோலையும் கிளறிக் கிளறிக் கடைசியில் அதற்குள்ளிருந்து எடுத்தது ஒரு ரப்பர் வளையம். பச்சைக் குழந்தையின் கையில் மாட்டினால் சரியாக இருக்கும்.

"இதுக்கா லாரி வந்துச்சு?" என்றாள் ரேடியோ.

"லாரி மட்டுமா? பெட்டிய இறக்க கிரேன் வந்துச்சு. கிரேன் உள்ள வர்றதுக்குக் கேட்டக் கழட்டினோம். கேட்டத் திருப்பி மாட்ட வெல்டர் வந்தான்." பட்டறை முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "பம்ப்புக்குப் போடற இந்த ரிங்கோட வெல ஒரு டீக்காசும்மா. அது வந்து சேர்ற கூலிக்கு நான் ஒரு புது பம்ப்பே வாங்கியிருப்பேன்."

ரேடியோ என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயரல்ல. துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரமே அவளிடம் பேசிப் பார்த்தவர்கள் வைத்த பெயர். அவளுடைய மேலதிகாரிக்கும் அப்படியொரு பெயர் இருந்தது: அழுத்தக்காரர். அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வருவதற்குள் எதிரே இருப்பவருக்கு வயதாகிவிடும். அந்த இடைவெளிகளை நிரப்பத்தான் அவளுக்குச் சம்பளம் என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

ஆனால் அவருடைய மௌனங்களை அவள் அளவுக்குப் படித்தவர் யாருமில்லை. யோசித்துக்கொண்டிருக்கிற மௌனம் ஒன்று. யோசித்து முடித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தனக்குள்ளேயே தயங்கி நிற்கிற மௌனம் இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டாவதில் மட்டும் அவருடைய பார்வை மெல்லத் தரைக்கு இறங்கும்.

இப்போது அவர் மரப்பெட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பார்வை இறங்கவில்லை. பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு பலகை விரிசல் விட்டிருந்தது. அதன்மீது விரலை வைத்தபடி நின்றார்.

"அது அப்படித்தான் வரும்" என்றார் முதலாளி. "சப்ளையர் அனுப்பற பெட்டி ஒண்ணாவது ஒழுங்கா வந்துருக்கா? எல்லாம் ஒடஞ்சுதான் வருது. நானும் ஒவ்வொரு தடவையும் போன் பண்ணிக் கிழிக்கிறேன். பெட்டியும் பெருசாகுது, கூலியும் பெருசாகுது. ஆனா ஒடையறது நிக்கல."

"யாரு மேல சந்தேகம்?" என்றாள் ரேடியோ.

"சந்தேகமே இல்ல. எங்க மாப்ளதான். என் தங்கச்சி புருஷன். சாமான் வாங்கற பொறுப்பு அவன்கிட்ட. சப்ளையரோட கூட்டு சேந்து கூலிய ஏத்திவிட்டுப் பாதிய வாங்கிக்கிறான். எனக்கு ஆதாரம் மட்டும் எடுத்துக் குடுங்க. சாயங்கால டீக்குள்ள அவன வெளியில தள்ளணும்."

அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் சட்டென்று நின்றது. முதலாளி பேச்சை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. காலைப் பின்னுக்கு வீசி ஓர் உதை விட்டார். கம்ப்ரசர் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"நின்னுக்கிட்டே பேசறோமே" என்று இரண்டு நாற்காலிகளின் கால்களை ஷூ நுனியால் ஒவ்வொரு தட்டு தட்டினார். "இதுல உக்காருங்க, இது தாங்கும். அது வேணாம்."

ரேடியோ தாங்கும் என்று சொல்லப்பட்டதில் உட்கார்ந்தாள். அழுத்தக்காரர் உட்காரவில்லை. அவர் கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே படுக்கவைத்த சூட்கேஸ் ஒன்றின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆள் உயரத்தில் முக்கால்வாசி இருக்கும் சூட்கேஸ். பூட்டு போதாதென்று கயிறு வேறு கட்டியிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சியா?" என்றாள் ரேடியோ.

முதலாளியின் குரல் இறங்கியது. "காலையில மாடி வீட்டுலேர்ந்து எறங்கி வந்தவ அங்கயேதான் உக்காந்துருக்கா. சாப்பிடல. நான் கூப்பிட்டா காது கேக்காத மாதிரி இருக்கா."

ரேடியோ எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள். "எங்கம்மா கெளம்பிட்டீங்க?"

"எங்கயோ. எங்க வீட்டுக்காரரத் திருடன்னு சொன்ன வீட்டுல எனக்கென்ன வேல?" தங்கை தன் அண்ணனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "சாயங்கால டீக்குள்ள அண்ணன் வந்து மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் கெளம்பறோம். அதுக்கப்பறம் இவருக்குத் தங்கச்சியே கெடையாது."

"ஒரே டீக்கு ரெண்டு பேர் கெடு வச்சிருக்கீங்க. பாவம் அந்த டீ."

தங்கை சிரிக்கவில்லை. நிழல் விலகி வெயில் அவள் தோளுக்கு வந்திருந்தது. எழுந்து, சூட்கேஸின் கைப்பிடியில் ஒரு விரலை மாட்டி, நிழலுக்கு நகர்த்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள்.

பட்டறைக்குள்ளிருந்து ஒருவர் தேநீர் டம்ளரோடு அவளை நோக்கி வந்தார். ஒல்லியான ஆள். எல்லோரும் இரும்பு முனை வைத்த ஷூ போட்டிருந்த அந்த இடத்தில் அவர் காலில் மட்டும் ரப்பர் செருப்பு. வலது கால் பெருவிரலில் கட்டு. நொண்டி நொண்டி வந்தார். மாப்பிள்ளை என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"இதையாவது குடி" என்றார் மனைவியிடம்.

"நீங்க குடிங்க. எனக்கு வேணாம்."

அவர் அங்கேயே நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், தானே குடித்தார்.

அழுத்தக்காரர் காரை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். வழியனுப்ப வந்த முதலாளி முன் டயரை ஓர் உதை உதைத்துவிட்டு, "காத்து கம்மி, பாத்துப் போங்க" என்றார்.

சாலைக்கு வந்ததும் ரேடியோ சொன்னாள்: "சார், அந்த ஆளுக்குக் காது கால்ல இருக்கு."

அழுத்தக்காரர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். கார் ஒரு கணம் வேகம் குறைந்தது.

*

சப்ளையரின் கிடங்கு ஊர் எல்லையில், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஒரு தகரக் கொட்டகை. பட்டறையின் பெயரைச் சொன்னதும் அங்கிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

பேக்கிங் மேஸ்திரி வந்தார். காதில் பென்சில், தோளில் டேப், முகத்தில் தூக்கம் கெட்ட களை.

"அவர் அனுப்பின ஆளா நீங்க? மறுபடியும் ஒடஞ்சுடுச்சா?"

"ஒரு பலக விரிசல்" என்றாள் ரேடியோ.

மேஸ்திரி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தேக்கும்மா அது. தேக்குல செஞ்சேன். எங்க வீட்டு வாசக்கதவு கூட தேக்கு இல்ல."

"ஒரு ரப்பர் ரிங்குக்கு எதுக்குய்யா தேக்கு?"

"நானா ஆசப்பட்டேன்? முதல்ல கவர்லதான் போட்டு அனுப்பினோம். கிழிஞ்சுருக்குன்னு போன். சரின்னு அட்டப் பெட்டி. ஓட்டையா வந்துருக்குன்னு போன். பெட்டிக்குள்ள பெட்டி. ப்ளைவுட். மரச்சட்டம். எங்க கம்பெனியில ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு புகார் வந்தா பேக்கிங் ஒரு படி ஏறும். ஏறினது எறங்காது. மத்த கஸ்டமர் யாரும் ரெண்டாவது படியத் தாண்டினதில்ல. இவரு மேல போயிட்டே இருக்காரு. அடுத்த தடவ இரும்பு. வெல்டருக்குச் சொல்லியாச்சு."

"பட்டறை முதலாளியோட மாப்பிள்ள இதுல பங்கு ஏதாவது கேட்டாரா?"

"அவரா? ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி, 'சின்னக் கவர்ல போட்டு அனுப்புங்க சார், புண்ணியமாப் போகும்'னு கெஞ்சுவாரு. எங்களால முடியாதே. புகார் பதிவாயிடுச்சே."

"லாரிக்காரனுக்கு எடைக்குத்தானே கூலி? ரிங்கு என்ன எடை இருக்கும்?"

"எடைக்குன்னா கூலியே வராதேம்மா. லாரியில எவ்வளவு எடம் அடைக்குதோ அதுக்குக் கூலி. பெட்டி பெருசானா கூலியும் பெருசு. உள்ள என்ன இருக்குன்னு லாரிக்குத் தெரியுமா?"

"அப்போ அவரு குடுக்கற கூலியில முக்காவாசி காத்துக்கு."

"வைக்கோலுக்கும் கொஞ்சம்" என்றார் மேஸ்திரி, நியாயமாக.

பிறகு எழுந்து, "வாங்க, காட்டறேன்" என்றார்.

கொட்டகையின் பின்மூலையில் ஒரு தார்ப்பாயை விலக்கினார். உடைந்த பெட்டிகள். பட்டறை முதலாளி ஆதாரத்துக்காகத் தன் சொந்தச் செலவில் லாரி வைத்துத் திருப்பி அனுப்பியவை. அட்டை, ப்ளைவுட், மரம் என்று உயர வரிசையில் அடுக்கியிருந்தார்கள். மேஸ்திரி அவற்றின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தோற்ற பந்தயங்களை நினைத்துப் பார்க்கிற பயில்வானைப் போல.

"பெட்டி தூக்கற வண்டி ஓட்டற எங்க ஃபோர்க்லிஃப்ட்காரன்தான் இடிச்சிருக்கணும்னு அவன வேற செக்‌ஷனுக்கு மாத்திட்டோம். அழுதுட்டே போனான்."

அழுத்தக்காரர் பெட்டிகளின் முன் குந்தி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். தூரத்தில் லாரி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது, பிறகு அடங்கியது. ரேடியோ ஒருமுறை கொட்டாவி விட்டாள். மேஸ்திரி அவளைப் பார்த்து, 'என்ன ஆச்சு?' என்று கண்ணால் கேட்டார். 'இப்படித்தான்' என்று அவள் கண்ணால் சொன்னாள்.

கடைசியில் அழுத்தக்காரர் பேசினார். "ஃபோர்க்லிஃப்ட்டுக்கு எத்தன கொம்பு?"

"ரெண்டு."

அவர் ஒரு பெட்டியின் ஓட்டையைக் காட்டினார். அடுத்ததைக் காட்டினார். அதற்கடுத்ததை. எல்லாவற்றிலும் ஒரே ஓர் ஓட்டைதான். எல்லாம் முன்பக்கத்தில். எல்லாம் முழங்காலுக்குக் கீழே, ஏறக்குறைய ஒரே உயரத்தில். சாலையில் அடிபட்டிருந்தால் மேலே, கீழே, மூலையில் என்று கண்டபடி அடிபட்டிருக்கும்.

அழுத்தக்காரர் எழுந்து, தன் ஷூவின் நுனியை அட்டைப் பெட்டியின் ஓட்டைக்குள் வைத்தார். கச்சிதமாக உள்ளே போனது.

"கால்!" என்றாள் ரேடியோ. "சார், கால்! எவனோ உதைச்சிருக்கான்!" அடுத்த நொடியே அவளுக்கு அந்தக் கட்டுப் போட்ட பெருவிரல் ஞாபகம் வந்தது. "நொண்டிக்கிட்டு வந்தாரே! தேக்க உதைச்சா விரல் என்ன ஆகும்? மாப்பிள்ளதான் சார்! பெட்டிய ஒடைக்கணும், புகார் போகணும், படி ஏறணும், கூலி ஏறணும். போன்ல கெஞ்சினதெல்லாம் நடிப்பு."

அழுத்தக்காரரின் பார்வை தரைக்கு இறங்கியது. அவள் தன் கண்டுபிடிப்பின் உற்சாகத்தில் அதைக் கவனிக்கவில்லை. அவள் வேலையில் சேர்ந்த பிறகு செய்த பெரிய தவறு அதுதான்.

அவர் மேஸ்திரியிடம் திரும்பி, "ஒரு ரிங்கு. சின்ன அட்டப் பெட்டியில போட்டுக் குடுங்க. நாங்களே எடுத்துட்டுப் போறோம்" என்றார்.

மேஸ்திரி அந்தச் சிறு பெட்டியைக் கட்டி முடித்து, ஒருமுறை தடவிக்கொடுத்தார். "இந்தப் பட்டறைக்கு நான் அட்டப் பெட்டி கட்டி எவ்வளவு காலமாச்சு!"

*

அவர்கள் திரும்பி வந்தபோது பட்டறையில் டீ தயாராகிக்கொண்டிருந்தது. தங்கை சூட்கேஸின் மேல் அப்படியே இருந்தாள். நிழல் போன பக்கமெல்லாம் நகர்ந்து நகர்ந்து, காலையில் இருந்த இடத்திலிருந்து வெகுதூரம் வந்திருந்தாள். கேட்டை விட்டு வெளியே மட்டும் நகரவில்லை.

அழுத்தக்காரர் சிறு பெட்டியை முற்றத்தின் நடுவில், தரையில் வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

ரேடியோவுக்குப் பொறுமை இல்லை. "எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க. பெட்டிங்க வழியில ஒடையல. இங்கதான் ஒடையுது. இந்த முற்றத்துல. ஒரு ஆள் காலால உதைச்சு ஒடைக்கிறாரு."

கம்ப்ரசரைத் தவிர எல்லாம் அமைதியானது.

"அந்தக் கால் இப்போ நொண்டுது" என்றாள் ரேடியோ.

எல்லோரும் மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் தன் காலைப் பார்த்தார்.

"பெட்டி மூடி விழுந்துச்சுங்க" என்றார். "ரிங்க எடுக்கலாம்னு தொறந்தேன். மூடியே ஒரு கதவு சைசு."

"மூடி விழுந்துச்சாம்!" பட்டறையின் மறுகோடியிலிருந்து முதலாளியின் குரல் கேட்டது. வெற்றி பெற்றவரின் குரல்தான், ஆனால் அதில் எங்கோ ஒரு உடைசல் இருந்தது. "நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? கூடப் பொறந்தவள நான் தூக்கி வளத்தேன், அவளுக்குன்னு பாத்துப் பாத்து ஒரு மாப்பிள்ளையக் கொண்டுவந்தேன், அவன் என்னடான்னா..."

தங்கை எழுந்து நின்றாள். சூட்கேஸின் கயிற்றைப் பிடித்தாள். "வாங்க போலாம்" என்றாள் கணவனிடம்.

முதலாளி முற்றத்தின் குறுக்கே நடந்து வந்தார். ரேடியோவின் கையைக் குலுக்குவதற்காகக் கையை நீட்டிக்கொண்டே வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. "நல்ல வேல பண்ணீங்கம்மா" என்றார். நடுவில் அந்தச் சிறு பெட்டி இருந்தது.

பட்.

நடை நிற்கவில்லை. பேச்சு நிற்கவில்லை. கை நீட்டியபடியே இருந்தது. கால் மட்டும் போகிற போக்கில் தன் வேலையைச் செய்துவிட்டு வந்தது. பெட்டி உருண்டு போய் டீ கேனில் மோதி நின்றது.

முதலாளி குனிந்து பார்த்தார். பெட்டியின் முன்பக்கத்தில் ஓர் ஓட்டை.

"பாத்தீங்களா!" என்று கத்தினார். "இதுவும் ஒடஞ்சு வந்துருக்கு! இப்பவே போன் பண்றேன் அவனுக்கு!"

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். அப்புறம்தான் யாரும் பேசவில்லை என்பது அவருக்கு உறைத்தது. வெல்டர் வாயைத் திறந்தபடி நின்றான். மெஷினை விட்டு வந்திருந்த லேத்காரர் முகத்தைத் துணியால் துடைக்கிற சாக்கில் மூடிக்கொண்டார்.

"என்ன? என்ன எல்லாரும் பாக்கறீங்க?"

"மறுபடி உதைங்க" என்றார் அழுத்தக்காரர்.

"எத?"

"பெட்டிய."

"நான் எங்க உதைச்சேன்? நான் எதுக்குப் பெட்டிய உதைக்கறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

அழுத்தக்காரர் பெட்டியை எடுத்து வந்து, முதலாளியின் காலடியில் வைத்து, ஓட்டையை ஷூவின் இரும்பு முனையோடு பொருத்தினார். மூடி போட்ட மாதிரி பொருந்தியது. பிறகு மெல்ல நடந்து போய் முற்றத்து மரப்பெட்டியின் விரிசலைக் காட்டினார். அதே உயரம்.

முதலாளி தன் வலது காலைப் பார்த்தார். யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"சத்தம் கேக்கறதுக்கு" என்றார் மெதுவாக. "உள்ள சாமான் சரியா இருக்கா, ஆடுதான்னு... எதையும் ஒரு தட்டுத் தட்டினா அது சொல்லிடும். சின்ன வயசுலேர்ந்து..." நிறுத்தினார். "எல்லாப் பெட்டியையுமா?"

"எல்லாப் பெட்டியையும் முதலாளி" என்றார் லேத்காரர். "இறக்கி வச்ச ஒடனே. உதைச்சுட்டு, ஒடஞ்சுருக்குன்னு நீங்களே கத்துவீங்க. நாங்க என்னவோ நீங்க சப்ளையர மெரட்டறதுக்குத்தான் பண்றீங்கன்னு நெனச்சோம்."

முதலாளி மாப்பிள்ளையிடம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல? திருடன்னு சொன்னப்பக் கூடவா வாயத் தொறக்க மாட்ட?"

"சொன்னேனே மச்சான். நேத்துக் கூடச் சொன்னேன். நான் சொல்ல ஆரம்பிக்கும்போது கம்ப்ரசர் நின்னுச்சு. நீங்க அத உதைச்சீங்க. அப்பறம் அது போட்ட சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

ரேடியோவுக்கு அந்த இடத்தில் சொல்ல அருமையான ஒரு வரி கிடைத்தது. சொல்லவில்லை. திருடன் என்று விரல் நீட்டியவர்களில் அவளும் ஒருத்தி. மாப்பிள்ளையிடம் போய், "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள்.

"பரவால்லம்மா. மூடி நெஜமாவே கதவு சைசுதான்" என்றார் அவர்.

முதலாளி கேட்டை நோக்கி நடந்தார். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அவளுக்கு எதிரே போய் நின்றார். வாய் திறந்தது, மூடியது. இத்தனை ஆட்களை விரட்டி வேலை வாங்குகிற வாயில் 'தப்புதான்' என்ற ஒரு சொல் வெளியே வர வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றது.

வாய் அப்படி நின்றபோது, கால் தானாக நகர்ந்தது. ஷூ நுனி சூட்கேஸை லேசாகத் தொட்டது.

டொங்.

முதலாளியின் முகம் மாறியது. அந்தச் சத்தம் அவருக்கு என்ன சொன்னதென்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். டிரம்மில் எண்ணெய் இருக்கிறதா, சிலிண்டரில் விரிசலா என்று காலால் கேட்டுச் சொல்கிறவர் அவர். உள்ளே ஒரு கைக்குட்டை கூட இல்லாத பெட்டி போடுகிற சத்தம் அது.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்தது. காலையிலிருந்து அந்தப் பெட்டியை ஒரே விரலால் நிழலுக்கு நிழல் நகர்த்திக்கொண்டிருந்தது இப்போதுதான் ரேடியோவுக்கு உறைத்தது. திரும்பி அழுத்தக்காரரைப் பார்த்தாள். அவர் எப்போதோ கவனித்துவிட்டிருந்தார். பார்வை தரையில் இருந்தது.

"தப்பு என்மேலதான்" என்றார் முதலாளி. "டீ ஆறுது. மேல வா."

குனிந்து சூட்கேஸின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்தார். கால்களை அகட்டி, பல்லைக் கடித்து, ஒரு முனகலோடு தூக்கினார். இடுப்பு ஒரு பக்கம் சாய, மாடிப்படியை நோக்கி நடந்தார்.

"குடுங்க மச்சான், நான் தூக்கறேன்" என்று மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே ஓடினார்.

"நகருடா. கால்ல அடிபட்டவன். நல்ல கனம்" என்றார் முதலாளி. படிக்குப் படி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். தங்கை பின்னாலேயே போனாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது ரேடியோ நெடுநேரம் பேசவில்லை. அழுத்தக்காரர் இரண்டு முறை அவளைத் திரும்பிப் பார்த்தார். உடம்புக்கு என்ன என்று கேட்கிற பார்வை.

கொஞ்ச தூரத்தில் கார் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தி இருவரும் இறங்கினார்கள். அழுத்தக்காரர் முன் டயரின் எதிரே நின்று, அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஷூ நுனியால் அதை மெதுவாக ஓர் உதை உதைத்தார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"காத்து கம்மி" என்றார்.